அப்பப்பாவின் கல்வெட்டில் அவருடைய பகிடிகளைப் போடலாமா?

வட்டக்கச்சிப் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பப்பா காலமாகிப் பதினொரு நாளாகிறது. 84 வயது. எட்டுச்செலவு முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. அன்று கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டை எழுதும் பொறுப்பை வீட்டில் என்னிடம் தந்திருக்கிறார்கள். அச்சகத்தில் பத்து நாளுக்குள் கேட்கிறார்கள்.

பஞ்சபுராணம், திதி வெண்பா, வம்சாவழி, நன்றி நவிலல் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. வாழ்க்கை வரலாறு எழுதும் இடத்தில்தான் நிற்கிறேன். முதலில் எழுதியதை நேற்று இரவு திரும்ப வாசித்தேன். தென்மராட்சியில் பிறந்தார், 1958இல் பதினேழு வயதில் தகப்பனோடு கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சிக்கு வந்து காடு வெட்டினார், திருமணம் செய்தார், ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினார், சிவபதம் எய்தினார். எல்லாம் உண்மை. ஆனால் வட்டக்கச்சியிலும் இராமநாதபுரத்திலும் உள்ள எந்தக் கமக்காரருடைய பெயரையும் மேலே போட்டு அச்சடிக்கலாம். எங்கள் அப்பப்பா அதில் எங்கேயும் இல்லை.

அவரைத் தெரிந்தவர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது ஒன்றுதான்: "பகிடிக்காரன்." இரண்டாவது: "மாடு மாதிரி வேலை செய்வார்." இந்த இரண்டும் தனித்தனியாக இருக்கவில்லை. சும்மா இருக்கும்போது அவர் அதிகம் கதைக்கமாட்டார். கையில் மண்வெட்டி இருந்தால்தான் வாய் திறக்கும். வரம்பு கட்டும்போது, நாற்றுப் பிடுங்கும்போது, சூடு அடிக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவரோடு வயலில் நின்றவர்களுக்கு முதுகு வலித்தது ஞாபகம் இருக்காது.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். எழுபதுகளில் மிளகாய் போட்ட காசில்தான் எங்கள் பழைய கல்வீடு கட்டியது. பிள்ளைகளிடம், "இது மிளகாயில கட்டின வீடு. சுவரை நக்கிப் பார், இப்பவும் உறைக்கும்" என்பாராம். பெரியப்பா ஐந்து வயதில் உண்மையாகவே நக்கிப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும், "என்ர மூத்தவன் வீட்டைச் சாப்பிட்டுப் பார்த்தவன்" என்றுதான் அறிமுகம்.

மற்றது வெருளிக் கதை. பன்றியை வெருட்ட வயலில் வைத்த வெருளிப் பொம்மைக்குத் தன்னுடைய பழைய சேர்ட்டைப் போட்டிருக்கிறார். பொழுதுபடும் நேரம், ஆச்சி தேத்தண்ணிச் செம்போடு வந்து வெருளிக்குப் பக்கத்தில் நின்று, "இந்தாருங்கோ, குடியுங்கோ" என்றிருக்கிறா. அப்பப்பா வரம்புக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு ஆச்சியிடம் கேட்டாராம், "எங்கள் ரெண்டு பேரிலும் உனக்கு ஆரைப் பிடிச்சிருக்கு?" ஆச்சி சொன்னது: "அவரைத்தான். திருப்பிக் கதைக்கமாட்டார்." ஐம்பது வருடமாக இந்தக் கதையை இரண்டு பேரும் சேர்ந்துதான் சொல்வார்கள். கடைசி வரியை அப்பப்பா ஒருநாளும் தான் சொன்னதில்லை, ஆச்சிக்காக விட்டுவிடுவார்.

இவற்றைக் கல்வெட்டில் எழுத எனக்கு ஆசை. பெரியப்பா கூடவே கூடாது என்கிறார். "கல்வெட்டு சாமிப்படத்துக்குப் பக்கத்தில வைக்கிற பொருள், பகிடி எழுதுற கொப்பி இல்லை" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொல்லவில்லை, கண் கலங்கிச் சொன்னார். அதனால்தான் எனக்கும் முடிவெடுக்க முடியவில்லை. உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?

முத்தையன்கட்டு மிளகாய்:

தங்கச்சி, முதலில் உங்கள் துயரில் நாங்களும் பங்குகொள்கிறோம்.

கட்டாயம் எழுதுங்கள் என்பதுதான் என் பதில். சுவரை நக்கிய கதை வெறும் பகிடி இல்லை. அந்த ஒரு வரியில் வன்னியின் ஏழு வருடம் இருக்கிறது. 1970இலிருந்து 1977 வரைக்கும் வெளிநாட்டு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்த பெடியள் எல்லாம் அந்தக் காலத்தில்தான் நிமிர்ந்தார்கள். என் அம்மப்பாவும் அதில் ஒருவர். பெரிய படிப்பு படித்துவிட்டு வேலைக்கு அலைந்தவர், காட்டில் கொட்டில் போட்டு மிளகாய் நட்டார். செத்தல் மிளகாய் காயவைத்த முற்றம் தூரத்தில் இருந்து பார்த்தால் சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கும் என்று அம்மா சொல்வா. 77இல் திறந்த பொருளாதாரம் வந்தது, மிளகாய் விலை விழுந்தது. அத்தோடு அந்தக் காலம் முடிந்தது.

இதையெல்லாம் ஒரு பந்தியில் எழுதினால் யாரும் வாசிக்கப் போவதில்லை. "சுவரை நக்கிப் பார், உறைக்கும்" என்று எழுதிப் பாருங்கள், உங்கள் பேரப்பிள்ளையும் ஏன் உறைக்கும் என்று கேட்கும். கேட்டால்தானே சொல்ல முடியும்.

என் அம்மப்பாவும் பகிடிக்காரர்தான். செத்தல் கட்டும் நாளில் வீடு முழுக்கத் தும்மும். அவர் ஒவ்வொரு தும்மலுக்கும் "நூறு... நூற்றியொண்டு..." என்று எண்ணுவார். மூட்டை எத்தனை என்று யாராவது கேட்டால், "மூட்டை எண்ணேல்லை, தும்மல்தான் எண்ணினனான்" என்பார். அவருடைய கல்வெட்டு 1993இல் அச்சடித்தது. பொருளாதாரத் தடைக் காலம், கடதாசி கிடைக்காது. அப்பியாசக் கொப்பித் தாளில் அடித்தார்கள். நான்கு பக்கம். அதில் தும்மல் இல்லை. எனக்கு அது இன்றைக்கும் குறைதான்.

தெளிகரை:

வணக்கம் சகோதரி. ஆழ்ந்த அனுதாபங்கள்.

நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்லப்போகிறேன், பிழையாக எடுக்கவேண்டாம். உங்கள் பெரியப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வழக்கத்தில் கல்வெட்டு என்பது கிரியையின் ஒரு பகுதி. விநாயகர் வணக்கத்தில் தொடங்கி, திருமுறை பாடி, இறந்த திதியை வெண்பாவில் சொல்லி, அந்த ஆன்மாவுக்குப் படைப்பது. வருடா வருடம் திவசத்துக்கு அதே புத்தகத்தை எடுத்துத் திதி பார்க்கிறோம். அம்மா கல்வெட்டைச் சாமியறையில் வைத்திருக்கிறா, தீட்டு நாளில் தொடமாட்டா. அப்படிப்பட்ட பொருளில் சிரிப்பு வரும்போது, வயதானவர்களுக்கு மனம் நோகும்.

அத்தோடு உங்கள் பெரியப்பா மூத்த மகன், கொள்ளி வைத்தவர். முப்பத்தொரு நாளும் நோன்பு மாதிரி இருப்பார். இந்த நேரத்தில் அவர் மனதுக்கு மாறாக ஒன்று செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் என்று தனியாகப் போடுங்கள். அதில் எல்லாக் கதையும் எழுதலாம்.

குமுழமுனை மருமகள்:

நான் குமுழமுனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இவருடைய தாத்தாவைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அவர்கள் குடியேறி வந்தவர்கள் இல்லை, பழைய வன்னிச் சனம். பட்டி மாடு வைத்திருந்தவர். இருநூறுக்கு மேலே, எல்லாம் அவருடைய குறி சுட்டது. ஒவ்வொரு மாட்டுக்கும் பெயர் இருந்தது. தன் பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிடுவார், மாட்டின் பெயர் ஒருநாளும் பிழைக்காது. "நீங்கள் கூப்பிடாட்டியும் சாப்பாட்டுக்கு வருவியள், அதுகள் கூப்பிட்டாத்தான் வரும்" என்பாராம்.

பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போய் வரும்போது பனையோலைப் பட்டையில் பழம் கொண்டுவருவார். வன்னிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், பாலைப்பழத்தில் பால் இருக்கும், நிறையச் சாப்பிட்டால் உதடு ஒட்டும். மாமியின் அம்மா கோபத்தில் பேசத் தொடங்கினால், தாத்தா ஒன்றும் பேசாமல் பாலைப்பழப் பட்டையை அவவின் முன்னால் கொண்டுபோய் வைப்பாராம். அவவுக்குச் சிரிப்பு வந்துவிடும். எனக்குக் கல்யாணமான புதிதில், எனக்கும் இவருக்கும் வாக்குவாதம் வந்தபோது தாத்தா என்னைத் தாண்டிப் போய், இவருக்கு முன்னால் பட்டையை வைத்தார். அந்த வீட்டில் என் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஆனால் தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். 2009 இறுதிப் போருக்குப் பிறகு தாத்தா ஒரு பகிடி சொல்லி நான் கேட்கவில்லை. மாடு ஒன்றும் மிஞ்சவில்லை. கூப்பிட ஒரு பெயர் இல்லை. இன்னும் நான்கு வருடம் இருந்தார், வாசலில் கதிரை போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு. பகிடிக்காரன் என்று மட்டும் எழுதினால் அந்த நான்கு வருடத்தை என்ன செய்வது? உங்கள் அப்பப்பாவுக்கு அப்படி ஒரு காலம் இருக்கவில்லையா? இருந்தால் அதையும் எழுதுங்கள்.

வட்டக்கச்சிப் பேத்தி:

அக்கா, உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை.

இருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது.

2009 தொடக்கத்தில் வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டோம். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், பிறகு மாத்தளன். எல்லோரும் உடுப்பும் பத்திரங்களும் எடுத்தபோது அப்பப்பா மண்வெட்டியைத்தான் முதலில் எடுத்தார். ஆச்சி பேசினா. ஆனால் போன இடமெல்லாம் அந்த மண்வெட்டிதான் எங்களைக் காப்பாற்றியது. பங்கர் வெட்டவேண்டும், எல்லோரிடமும் வெட்ட ஒன்றும் இருக்கவில்லை. எங்களுடையதை வெட்டிவிட்டு, பக்கத்தில் கைக்குழந்தையோடு இருக்கிற சனத்துக்கு வெட்டிக் கொடுப்பார். அப்போதும் பகிடிதான். மாத்தளன் மணலில் வெட்ட வெட்டச் சரியும். "நாற்பது வருசம் களிமண்ணோட சண்டை பிடிச்சனான். அது எதிர்த்து நிக்கும். இது சரி சரியெண்டு தலையாட்டிக்கொண்டு விழுது" என்றது எனக்கு நல்ல ஞாபகம். அந்தக் குழியில் இருந்து நாங்கள் சிரித்திருக்கிறோம். இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை, ஆனால் சிரித்தோம்.

கடைசியில் நடந்து வெளியே வந்தபோது மண்வெட்டி அங்கேயே போய்விட்டது. செட்டிகுளத்து முகாமில் ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தோம். சாப்பாட்டுக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை. ஐம்பது வருடம் நான்கு மணிக்கு எழும்பிய மனிதர், அங்கேயும் நான்கு மணிக்கு எழும்பி, செய்ய ஒன்றும் இல்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். உள்ளங்கைக் காய்ப்பு உரிந்து உரிந்து விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பகிடி இல்லை. கேட்டதற்கு மட்டும் "ஓம்", "இல்லை." ஆச்சி இரவில் அழுவா, "இந்த மனுசன் கதைக்குதில்லை" என்று. தானாகவே வெருளிக் கதையைத் தொடங்கிப் பார்த்தா. அப்பப்பா கேட்டுக்கொண்டு இருந்தார், சேரவில்லை.

2010இல் காணிக்குத் திரும்பினோம். வீட்டில் இரண்டு சுவர்தான் நின்றது. முற்றம் முழுக்கப் பற்றை. மீளக்குடியேறும் குடும்பங்களுக்குக் கொடுத்த சாமான்களில் ஒரு மண்வெட்டியும் இருந்தது, புதுசு, தகடு மெல்லியது. அப்பப்பா அதை வாங்கி, நிமிர்த்தி, பிடியைத் தடவி, ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதால மண்ணை வெட்டேலாது. மண்ணிட்டை மன்னிப்புத்தான் கேக்கலாம்."

அப்பா சிரித்தார். ஆச்சி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வந்த முதல் பகிடி அது.

அந்த மண்வெட்டியாலேயே முற்றத்தைச் செருக்கினார்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

பிள்ளை, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழும்ப முடியவில்லை.

கல்வெட்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வரலாறு படிப்பித்தவள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் ஒரு கல் இருந்தது. 1803 ஐப்பசி 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை இந்த இடத்தில் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் வெட்டிய கல். வன்னிக்கு என்று எல்லோருக்கும் தெரிந்த கல்வெட்டு அதுதான், அதுவும் வென்றவன் வெட்டியது. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் எப்படிச் சிரிப்பான், யாரோடு கோபிப்பான் என்று அதில் ஒன்றும் இல்லை. காடு வெட்டிக் குளத்துத் தண்ணீர் பாய்ச்சி நெல் விளைவித்த சனத்துக்கு யாரும் கல் நடவில்லை. அவர்களுக்கு இருக்கும் ஒரே கல்வெட்டு, அந்தியேட்டிக்கு நாங்கள் அச்சடிக்கும் இந்தச் சின்னப் புத்தகம்தான்.

தெளிகரைத் தம்பி, நீங்கள் சொன்ன பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் கல்வெட்டில் வாழ்க்கை வரலாறு என்ற பகுதியும் பழைய வழக்கம்தான். அங்கே அந்த மனிதர் இல்லாவிட்டால் யாருடைய வரலாறு அது? நூலக நிறுவனம் எத்தனையோ நினைவு மலர்களையும் கல்வெட்டுகளையும் மின்வருடி இணையத்தில் வைத்திருக்கிறது. என் மாணவர்களுக்கு ஊர் வரலாறு தேடச் சொன்னால் நான் முதலில் அனுப்புவது அங்கேதான். எந்த ஆண்டு எந்தக் குடும்பம் எங்கிருந்து எங்கே வந்தது என்று வேறு எங்கும் இல்லை.

இன்னொன்று. உங்கள் அப்பப்பா பாவித்த சொற்களையும் விடாதீர்கள். களத்தில் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும் என்று எங்கள் அப்பு கண்டிப்பாக இருந்தவர். சின்னப்பிள்ளைகள் தெரியாமல் சொன்னால் களத்தை விட்டு வெளியே போய் வரச்சொல்வார். இப்போது அறுவடை இயந்திரம் வந்து ஒரு மணித்தியாலத்தில் வெட்டி அடித்துத் தருகிறது. களமே இல்லாதபோது அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. எழுதி வைத்தால்தான் உண்டு.

பழைய அயலவன், பரிஸ்:

வெருளிக்குத் தேத்தண்ணி கொடுத்த கதையை வாசித்த உடனே எனக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. பிள்ளை, நீர் ஆருடைய மகள் என்று எனக்குத் தெரியும், இங்கே பெயர் எழுதவில்லை. 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து உங்கள் வளவுக்குள் கொட்டில் போட்டிருந்த நான்கு குடும்பத்தில் நாங்கள் ஒன்று. எனக்கு அப்போது பதினாறு வயது.

உங்கள் அப்பப்பா சைக்கிளைத் தலைகீழாக வைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் ரேடியோ பாட வைப்பார். பற்றரி இல்லாத காலம். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. சுற்றிவர இருபது பேர் இருப்போம். சுத்துகிற முறை எங்களுக்கு, பெடியளுக்கு. யாராவது களைத்து மெதுவாகச் சுத்தினால் குரல் தேயும், நின்றால் செய்தி நிற்கும். அப்பப்பா சொல்வார், "கெதியாச் சுத்தடா, லண்டனில அவர் மூச்சு விட ஏலாமல் நிக்கிறார்." 96இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. வன்னியில் பழைய நேரம்தான் ஓடியது. "எங்கட சேவலுக்குச் சுற்றுநிருபம் வரேல்லை" என்றார். இதை எங்கள் அம்மா இறக்கும்வரை சொல்லிச் சிரித்தவ.

இவை எல்லோருக்கும் தெரிந்த பகிடி. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் வந்தேன்.

அந்த வருடம் காலபோக வெட்டு முடிந்து பங்குனி இருக்கும். எங்கள் அப்பா உத்தியோகம் பார்த்தவர். சம்பளம் மாதக்கணக்கில் வரவில்லை. நிவாரணமும் இழுபட்டது. எங்கள் வீட்டில் இரண்டு நாள் கஞ்சிதான். அப்பா யாரிடமும் கை நீட்டமாட்டார், அது அவருடைய பிறவிக்குணம். ஒருநாள் விடிய உங்கள் அப்பப்பா ஒரு மூட்டை நெல்லைத் தோளில் கொண்டுவந்து எங்கள் கொட்டில் வாசலில் தொப்பென்று போட்டார். முகத்தில் பெரிய கோபம். "மாஸ்ரர், இந்த மூட்டையில வண்டு விழுந்திட்டுது. என்ர மனுசி கண்டால் என்னை வீட்டை விட்டுக் கலைப்பாள். எங்கையாவது ஒளிச்சுப்போடுங்கோ. குத்திச் சாப்பிட்டியள் எண்டால் எனக்குப் பெரிய உபகாரம்" என்றார். அப்பா உபகாரம் செய்வதாக நினைத்து வாங்கி வைத்தார். சிரித்துக்கொண்டு வாங்கினார்.

அம்மா மூட்டையை அவிழ்த்துச் சுளகில் போட்டுப் புடைத்துப் பார்த்தா. ஒரு வண்டு இல்லை. அப்பாவுக்குச் சொல்லவேண்டாம் என்று என்னிடம் சொன்னா. பிறகு கொட்டில் கொட்டிலாகப் பார்த்தேன். நான்கு வீட்டிலும் வண்டு விழுந்த மூட்டை இருந்தது.

அந்தப் புரட்டாதியில் கிளிநொச்சிச் சண்டையோடு நீங்களும் நாங்களும் அக்கராயன் பக்கம் ஓடினோம். அங்கே பிரிந்தோம். எங்கள் அப்பா 2004இல் இறந்தார். அந்த நெல்லில் வண்டு இருந்தது என்றுதான் கடைசிவரை நம்பியிருந்தார். நானும் சொல்லவில்லை.

பிள்ளை, உம்முடைய பெரியப்பாவிடம் இதைக் காட்டும்.

வட்டக்கச்சிப் பேத்தி:

மாமா (அப்படிக் கூப்பிடலாம்தானே), இது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்பாவுக்கு, பெரியப்பாவுக்கு, அத்தைமாருக்கு யாருக்கும் தெரியாது.

பின்னேரம் ஆச்சிக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினேன். வண்டு என்ற இடம் வந்ததும் ஆச்சி என் கையைப் பிடித்தா. "வண்டோ? என்ர நெல்லிலயோ? வேப்பிலை போட்டு மூன்று வெயில் காயவைச்சுக் கட்டின நெல்லடி அது! ஊரெல்லாம் என்ர நெல்லில வண்டெண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவரே?" உண்மையாகவே கோபம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தானாகச் சொன்னா: "நாலு மூட்டை குறைஞ்சது எனக்கு அண்டைக்கே தெரியும். எலி கொண்டுபோட்டுது எண்டார். மூட்டையோட கொண்டுபோற எலியைப் பற்றி நான் ஏன் கேக்கிறன் எண்டு விட்டிட்டன்."

கணவர் போய் இத்தனை நாளில் ஆச்சி சிரித்தது இதுதான் முதல் தடவை.

பெரியப்பா வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய்விட்டார். இரவு சாப்பிட்ட பிறகு என்னிடம் வந்து, "வண்டுக் கதையைப் போடு. மண்வெட்டியையும் போடு. வெருளியை ஆச்சியிட்டைக் கேட்டுப் போடு" என்றார். சுவரைப் பற்றி நான் கேட்கவில்லை.

தெளிகரை:

சகோதரி, நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். பகிடி என்றால் ஆளைச் சிரிக்கவைப்பது என்று நினைத்துத்தான் அப்படி எழுதினேன். வாங்குகிறவர் தலை குனியக்கூடாது என்று சொல்லும் பகிடி திருமுறைக்குப் பக்கத்தில் இருக்கத் தகுதியானது. பரிஸ் அண்ணா எழுதியதை அவருடைய சொல்லிலேயே போடுங்கள், திருத்தவேண்டாம்.

திதி வெண்பா ஒழுங்காகிவிட்டது என்றீர்கள். யாராவது தெரிந்தவர் பார்த்தாரா? என் மாமனார் பார்த்துத் தருவார். அச்சுக்குப் போகும்முன் அனுப்பினால் போதும்.

வட்டக்கச்சிப் பேத்தி:

மிக்க நன்றி அண்ணா, அனுப்பியிருக்கிறேன். இதைக் கேட்டதும் ஞாபகம் வந்தது. பூட்டனாருடைய கல்வெட்டு அச்சடித்தபோது வெண்பாவில் தளை தட்டுகிறது என்று ஊரில் ஒரு பெரியவர் குறை சொன்னாராம். அப்பப்பா சொன்ன பதில்: "வெண்பாவில தளை தட்டினால் பரவாயில்லை ஐயா, வாய்க்காலில தண்ணி தட்டாமல் பாருங்கோ." சிறுபோகத்தில் இரணைமடுத் தண்ணீர் எங்கள் கடைசி மடைக்கு வராத வருடம் அது. தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாரும் பக்கத்தில்தான் நின்றாராம். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது.

வட்டக்கச்சிப் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். நேற்று அந்தியேட்டி நல்லபடியாக முடிந்தது. காலையில் கீரிமலைக்குப் போய்க் கிரியை செய்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். வட்டக்கச்சியில் இருந்து மட்டும் இல்லை, அக்கராயன், முரசுமோட்டைப் பக்கம் இருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. கல்வெட்டு முப்பத்தாறு பக்கம். மூன்றாவது பக்கத்தில் அப்பப்பா மண்வெட்டியோடு நிற்கும் படம், 2013இல் நான் கைபேசியில் எடுத்தது. வேட்டி சால்வையோடு நல்ல படம் ஒன்று இருந்தது. இதைத்தான் போடவேண்டும் என்று சொன்னது பெரியப்பா.

வாழ்க்கை வரலாற்றை அவரே எழும்பி நின்று வாசித்தார். மாத்தளன் வரும் இடத்தில் குரல் போய்விட்டது, அப்பா வாங்கி வாசித்தார். வண்டுக் கதை முடிந்ததும் பின்னுக்கு இருந்த ஒரு வயதான ஐயா எழும்பினார். "எனக்கும் ஒரு மூட்டை வந்தது. எனக்குப் பூஞ்சணம் பிடிச்ச நெல்லெண்டு சொன்னவர்" என்றார். பிறகு இன்னொரு அம்மா, பசுமாடு ஒன்று உதைக்கிறது, வைத்திருக்க ஏலாது என்று சொல்லிக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனதைச் சொன்னா. ஒருநாளும் உதைக்கவில்லையாம், ஆறு வருடம் பால் கறந்தாவாம். இவற்றை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். ஆண்டுத் திவசத்துக்குத் தெளிகரை அண்ணா சொன்ன நினைவு மலருக்கு இப்போதே ஆள் சேர்ந்துவிட்டது. ஆச்சி மூட்டைக் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொண்டு இருக்கிறா.

சுவர்க் கதையை நான் போடவில்லை என்று நினைத்திருப்பீர்கள். போடவில்லைதான். ஆனால் அச்சகத்துக்குக் கொடுக்கும் நாளில் பெரியப்பா தன் கையெழுத்தில் ஒரு தாள் தந்தார். "மகனின் நினைவு" என்று மேலே போட்டிருந்தது. ஆறு வரிதான். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது அத்தையின் பேரன், ஐந்து வயது, கல்வெட்டைத் தூக்கிக்கொண்டு பெரியப்பாவிடம் வந்து, "இந்தச் சுவர் உண்மையா உறைக்குமோ?" என்று கேட்டான். இப்போது நாங்கள் இருப்பது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. பழைய வீட்டின் இரண்டு சுவரும் பின்வளவில் பூவரசு முளைத்து நிற்கிறது, அப்பப்பா இடிக்க விடவில்லை. பெரியப்பா கை கழுவிவிட்டு அவனைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

நூலக நிறுவனத்துக்கு இரண்டு பிரதி அனுப்புகிறேன், ரீச்சர். பரிஸ் மாமாவுக்கு ஐந்து பிரதி ஆள் மூலம் வருகிறது.

குமுழமுனை மருமகள்:

எனக்கும் ஒன்று எடுத்து வையுங்கள் தங்கச்சி. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வருவீர்கள்தானே? அன்று அங்கே வைத்து வாங்கிக்கொள்கிறேன். தாத்தாவின் மாடுகளின் பெயர்களை இவரும் மாமியும் இருந்து சொல்லச் சொல்ல நேற்று எழுதத் தொடங்கினேன். அறுபத்தெட்டு வந்திருக்கிறது.

வட்டக்கச்சிப் பேத்தி:

எடுத்து வைத்திருக்கிறேன் அக்கா. கட்டாயம் வருவோம். மாட்டுப் பெயர்களையும் கொண்டுவாருங்கள், ஆச்சி கேட்கிறா.